மேட்டுத்தெருவும் பள்ளத்தெருவும்: மழைநீர் மேலாண்மையில் மக்கள் பங்கேற்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெருமழைக்குப் பிறகு தெருவில் தண்ணீர் நின்றால் "வடிகால் என்ன ஆச்சு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். "இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் போனால், அது கூரைகளிலும் சிமெண்டு பூசிய முற்றங்களிலும் வண்டி நிறுத்தும் தளங்களிலும் போய் முடியும். அவற்றில் பெரும்பகுதி தனியாருடையது. நகர நிர்வாகம் தன் சாலைக்கு அடியில் குழாய் பதிக்கலாம். உங்கள் கூரை நீர் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய முடியும்.

பெரிய குழாய் போட்டால் தீராதா? ஓரளவு தீரும். ஆனால் அந்தத் தண்ணீர் இன்னும் வேகமாக அடுத்த பகுதிக்குப் போய்ச் சேரும். கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்களில் இது இன்னும் மோசம். மழை கூடினால் இரண்டும் கலந்து ஆற்றில் வழிந்துவிடும். நீடித்த மழைநீர் மேலாண்மை என்று இன்று சொல்லப்படுவது இதற்கு நேர் எதிரான வழி. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நீரை நிறுத்தி, மெதுவாக மண்ணுக்குள் இறக்கி, மிஞ்சியதை மட்டும் வடிகாலுக்கு விடுவது.

தொழில்நுட்பம் எளிது. சிக்கலெல்லாம் மனிதர்கள் பக்கம் இருக்கிறது, அதிலும் இரண்டு முடிச்சுகள். வேலை செய்ய வேண்டியவர் மேட்டில் இருக்கிறார், பலன் பெறுபவர் பள்ளத்தில் இருக்கிறார் என்பது ஒன்று. திறப்பு விழாவுக்கு வரும் கூட்டம் மூன்றாம் ஆண்டு களை பிடுங்க வராது என்பது இன்னொன்று. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டை அவிழ்ப்பதற்குத்தான்.

படி 1: மழை பெய்யும்போது நடந்து பாருங்கள்

வெயில் நாளில் தெருவைப் பார்த்து வரைபடம் போட்டால் பாதி தவறாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் தெருவுக்கும் ஒரு வாட்டம் உண்டு. அதைக் காட்டிக்கொடுப்பது மழைதான். ஆறேழு பேர் குடையும் செல்பேசியுமாக, சாதாரண மழை பெய்யும் நாளில் ஒரு மணி நேரம் நடங்கள். இடியோ வெள்ளமோ இருந்தால் வேண்டாம். எந்த வீட்டுக் குழாய் நேராகச் சாலையில் கொட்டுகிறது, எந்த மூலையில் தண்ணீர் சுழல்கிறது, எந்த வடிகால் வாயை இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கின்றன, எங்கே நீர் கலங்கலாக ஓடுகிறது என்று பாருங்கள். கலங்கல் என்றால் மேலே எங்கோ மண் அரிக்கிறது என்று பொருள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பழைய ஆட்களைத் தேடிப் போங்கள். இந்த இடத்தில் முன்பு வாய்க்கால் ஓடியதா, குட்டை இருந்ததா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தூர்த்து வீடு கட்டிய பிறகும் பள்ளம் பள்ளம்தான். தண்ணீர் பழைய தடத்தையே தேடி வரும். கடந்த வெள்ளத்தில் சுவரில் எந்த உயரம் வரை நீர் ஏறியது என்று கேட்டு, டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இப்படி நாற்பது சுவர்களின் உயரத்தை ஒரு தாளில் குறித்துவிட்டால், அதிகாரிகளிடம் பேசும்போது குறை சொல்ல வந்தவராக இல்லாமல் தகவல் கொண்டுவந்தவராக உட்காரலாம்.

படி 2: ஒரே ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இது ஒன்றை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் செய்யக் கொடுங்கள், குழந்தைகளுக்கும்.

100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். நனைவதிலும் தெறிப்பதிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு போனாலும் 2,250 லிட்டர் கீழே இறங்கும். அப்படி 40 வீடுகள் இருந்தால் 90,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் ஒன்பதைத் தெருவில் வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் திறந்துவிட்டது போல. இந்தப் படத்தைச் சொன்னால் கூட்டத்தில் சலசலப்பு அடங்கிவிடும். அதே பரப்பு நல்ல உதிரி மண்ணோடு செடி மூடிய நிலமாக இருந்தால், அந்த மழையில் சிறு பகுதிதான் வழிந்து ஓடும்.

இதே கணக்கு சில ஆசைகளையும் தணிக்கும். வீட்டுக்கு வீடு 200 லிட்டர் டிரம் வைத்துவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். 100 சதுர மீட்டர் கூரைக்கு அந்த டிரம் இரண்டேகால் மி.மீ. மழையில் நிரம்பிவிடும். வெள்ளத்தைத் தடுக்க டிரம் உதவாது. ஆனால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். தயங்கி நிற்பவரை முதல் முறை உள்ளே இழுக்க அதைவிட எளிய பொருள் கிடையாது. கொசு புகாதபடி வலை கட்டி வையுங்கள். அடுத்த மழைக்கு முன் காலி செய்துவிடுங்கள்.

படி 3: மேட்டுத்தெருக்காரரை எப்படி அழைப்பது

கூட்டம் போட்டால் தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். மேட்டில் இருப்பவர் வரமாட்டார்; அவர் வாசல் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் அவர் கூரை நீர்தான் கீழே உள்ளவர் படுக்கையறைக்குள் போகிறது. இந்த உண்மையைக் குற்றச்சாட்டாகச் சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். கணக்காகச் சொன்னால் திறக்க வாய்ப்பு உண்டு.

பொதுக்கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போவது நல்லது. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் மேட்டுத்தெருக்காரராகவே இருக்கட்டும். படி 1-இல் எடுத்த படங்களில் அந்த வீட்டுக் குழாய் கொட்டும் படத்தை மட்டும் காட்டுங்கள். தண்ணீரை எங்கே திருப்பலாம் என்று அவரையே கேளுங்கள். "உங்கள் வீட்டில் இதைச் செய்யப் போகிறோம்" என்பதற்கும் "இங்கே எது சரிப்படும்?" என்பதற்கும் நடுவே பெரிய தூரம்.

சிறு ஊக்கத்தொகை வேலை செய்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டியில், ஷெப்பர்ட் கிரீக் என்ற ஓடைக்கு நீர் வரும் பகுதியில், 2007-இலும் 2008-இலும் ஒரு தலைகீழ் ஏலம் நடத்தினார்கள். மழைத்தோட்டமோ (நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் தாழ்வான செடிப்படுகை), கூரை நீர் பிடிக்கும் பீப்பாயோ தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள எவ்வளவு தொகை கொடுத்தால் சம்மதம் என்று வீட்டுக்காரர்களே எழுதித் தர வேண்டும். தகுதியுள்ள 350 வீடுகளில் 30 சதவீதத்துக்கும் மேல் சேர்ந்தன. 83 மழைத்தோட்டங்களும் 176 பீப்பாய்களும் வந்தன. சிறிய தொகையே மக்களை அசைக்கப் போதும் என்பதுதான் ஆய்வாளர்கள் கண்ட முடிவு. ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் 1993 முதல் 2011 வரை வேறு வழியில் போனது. கூரைக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து பிரித்துப் புல்தரைக்குத் திருப்புகிறவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தது, வேலையைச் செய்து தரும் உள்ளூர் அமைப்புகளுக்கும் கொடுத்தது. 56,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் அப்படிப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு முழங்கைக் குழாயும் சில திருகாணியும் கேட்கும் வேலை, அவ்வளவே. பிலடெல்பியாவோ கட்டணத்தையே கருவியாக்கியது. நீர் புகாத பரப்பு எவ்வளவோ அதற்கேற்ப மழைநீர்க் கட்டணம் போட்டது. பெரிய வண்டி நிறுத்துமிடம் வைத்திருப்பவருக்குத் தன் தளம் எவ்வளவு நீரைத் தள்ளுகிறது என்பது பில் வந்த அன்றே புரிந்துவிடும்.

உங்கள் சங்கத்தால் ஏலமும் நடத்த முடியாது, கட்டணமும் போட முடியாது என்றால் உழைப்பைக் கொடுங்கள். பள்ளத்தெருவார் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு மேட்டுத்தெருவுக்குப் போய் அங்கே குழி வெட்டிக் கொடுப்பது, நான் அறிந்தவரை, எந்தத் துண்டறிக்கையையும்விட நன்றாகப் பேசும்.

கூட்டத்துக்கு யார் வரவில்லை என்றும் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் விடுபடுவார்கள், ஆனால் தரைத்தளத்தில் நனைவது அவர்கள் பொருள்தான். இரவு வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே மாடி அறை சரிப்படாது. ஒரே கூட்டத்தை இரண்டு வேறு நேரங்களில் நடத்துங்கள்.

படி 4: மண் சம்மதிக்கிறதா?

இந்தப் படியைத் தாவிப் போனவர்கள் எல்லோரும் வருந்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2001-இல் ஒரு தெருவை மாற்றியமைத்தது. சாலையைக் குறுக்கி, ஓரங்களில் தாழ்வான செடிப்படுகைகள் வைத்தது. அளந்து பார்த்த முதல் இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து வழிந்தோடும் நீர் 99 சதவீதம் குறைந்திருந்தது. 2010-இல் அதே நகரம் பாலார்டு பகுதியில் சாலையோர மழைத்தோட்டங்கள் அமைத்தபோது பல குழிகளில் நீர் இறங்கவே இல்லை. வாசலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. குழந்தை விழுந்துவிடுமோ என்று பெற்றோர் கொதித்தார்கள். கடைசியில் சிலவற்றை மாற்றிக் கட்டவும் சிலவற்றை மூடவும் வேண்டியிருந்தது. அதே நகரம், அதே வகைத் தோட்டம், ஆனால் இங்கே அடிமண் நீரை ஏற்கவில்லை. அங்கே மண்ணோடு சேர்ந்து மக்களின் நம்பிக்கையும் அடைத்துக்கொண்டது.

சோதனைக்குச் செலவே இல்லை. ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டுங்கள். வெட்டும்போது மண்வெட்டி சுவரை வழவழப்பாக்கியிருந்தால் கம்பியால் கீறிவிடுங்கள். தண்ணீர் நிரப்பி முழுதும் இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலைச் செருகி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 12 மி.மீ.க்கு மேல் இறங்கினால் சாதாரண மழைத்தோட்டத்துக்கு ஏற்ற மண். அதற்குக் கீழே என்றால் அடியில் துளையிட்ட குழாய் வைத்து மிச்சத்தை வடிகாலுக்கு விட வேண்டியிருக்கும். அசையவே இல்லை என்றால் உறிஞ்ச வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தேக்கி மெதுவாக விடும் தொட்டியைப் பற்றி யோசியுங்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் சோதித்து ஏமாறாதீர்கள். விரிசல் வழியாக மடமடவென்று இறங்கும் நீர், மழைக்காலத்தில் மண் ஊதிய பிறகு இறங்காது.

சில இடங்களில் சோதனையே தேவையில்லை, வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம்: பெட்ரோல் பங்க், பழைய பட்டறை நிலம், கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கம், சரியக்கூடிய சரிவு, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஏறிவிடும் தாழ்நிலம்.

படி 5: எதைக் கட்டுவது

எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டாமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். கூரைக் குழாயைத் திருப்புவது, தேவையற்ற சிமெண்டை உடைத்து எடுப்பது, இருக்கும் மரத்தடியில் மண்ணைத் திறந்துவிடுவது. வண்டியின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இரண்டு பட்டைகள் போதும். நடுவே முழு அகலத்துக்கு சிமெண்டு எதற்கு?

அடுத்தது மழைத்தோட்டம். சுற்றுத் தரையைவிட 15 முதல் 20 செ.மீ. தாழ்ந்த படுகை, அடியில் ஏறக்குறைய பாதிக்கு மேல் மணலும், மிச்சம் மேல்மண்ணும் மக்கிய உரமும் கலந்த கலவை, மேலே ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் உள்ளூர்ச் செடிகள். அளவு பார்க்க, பாதிக் கூரையின், அதாவது 50 சதுர மீட்டரின், நீரைத் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. மழைக்கு 1,125 லிட்டர். 15 செ.மீ. ஆழப் படுகை என்றால் ஏழரைச் சதுர மீட்டர் வேண்டும். அதைவிடப் பெரிய மழை கட்டாயம் ஒருநாள் வரும், எனவே வழிந்து வெளியேறும் வாய் ஒன்று வேண்டும். அந்த வாய் எல்லா வாசற்படிகளையும்விடத் தாழ்வாக இருக்கட்டும். சுவர் அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வெட்டுங்கள்.

கூட்டத்தில் கட்டாயம் எழும் கேள்வி கொசு. இதைச் சிரித்து ஒதுக்காதீர்கள், நியாயமான பயம் அது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்கப் பொதுவாக ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். கடும் வெப்பத்தில் கொஞ்சம் குறையும். நீர் 24 மணி நேரத்தில், அதிகபட்சம் 48 மணி நேரத்தில் இறங்கிவிடும்படி வெட்டிய படுகையில் கொசு வளர நேரமே கிடைக்காது. இறங்காத படுகை கொசுப் பண்ணைதான். படி 4 அதற்காகவும் வேண்டும்.

அளவு மட்டுமா, அழுக்கும் இருக்கிறது. சாலை நீரில் எண்ணெய், பிரேக் தேய்ந்த செம்புத் தூள், டயர்த் தூசி எல்லாம் வரும். அமெரிக்க மேற்குக் கரை ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு செத்து மிதந்ததற்குக் காரணம், டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் சிதைந்து உருவாகும் நஞ்சு என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். வியப்பு என்னவென்றால், அந்த நஞ்சு எதுவென்று தெரியும் முன்பே வேறொரு சோதனை நடந்திருந்தது: அதே சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணில் வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்தன. சாலை நீரை மண் வழியாக அனுப்புவதற்கு இதுவே போதுமான நியாயம். ஆனால் அந்த நீர் குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் இறங்கக் கூடாது. கிணற்றருகே கூரை நீர் மட்டும்.

நீர் புகும் தரைக்கல் நல்லதுதான், ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இடுக்குகளில் மண் சேர்ந்தால் அதுவும் சாதாரணத் தளமாகிவிடும். உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தால் அவ்வப்போது சுத்தம் செய்ய ஆள் இருந்தால் போடுங்கள்.

பெரிய அளவில் யோசிக்க இடம் இருந்தால் ஸ்வீடனின் மால்மோ நகரத்து ஆகஸ்டன்போர்க் குடியிருப்பு நல்ல பாடம். அடிக்கடி நிலவறைகளில் நீர் புகுந்த அந்தப் பகுதியில் 1998 முதல் குடியிருப்போரையும் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் திறந்த வாய்க்கால்களும் பத்துக் குளங்களும் அமைத்தார்கள். நீர் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே அடைத்திருக்கிறது என்று நடந்து போகும் யாரும் சொல்லிவிடலாம், புதைத்த குழாயில் அது முடியாது.

படி 6: அனுமதி

சொந்த முற்றத்தில் குழாயைத் திருப்புவதற்குக்கூட சில ஊர்களில் விதி உண்டு, முதலில் கேளுங்கள். சாலையோரம், பூங்கா, பள்ளி வளாகம் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். தோண்டும் முன் மின்கம்பி, குடிநீர், எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று அந்தந்தத் துறையிடம் உறுதி செய்யுங்கள். இதில் ஊகம் உயிரை எடுக்கும்.

படி 7: மண்வெட்டி எடுக்கும் முன் ஒரு தாள்

நான் வற்புறுத்துவது இந்த வரிசையைத்தான்: பராமரிப்பை முதலில் பேசுங்கள், பிறகு தோண்டுங்கள். ஒரே ஒரு தாள் போதும். இந்தப் படுகைக்கு யார் பொறுப்பு, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், வண்டலை எங்கே கொட்டுவது, செடி செத்தால் புதுச் செடிக்குக் காசு எங்கிருந்து வரும், வீடு கைமாறினால் புதியவருக்கு யார் சொல்வது. இதற்கெல்லாம் பெயரோடு பதில் எழுத முடியாத படுகையை வெட்டாதீர்கள். பத்துப் படுகை திட்டமிட்டு நான்குக்குத்தான் பெயர் கிடைத்தது என்றால் நான்கே வெட்டுங்கள்.

நாள்காட்டியைவிட மழையை வைத்து வேலை பிரிப்பது எளிது. மழைக்காலம் தொடங்கும் முன் களை எடுப்பு, நுழைவாயில் சுத்தம். முதல் பெருமழைக்கு மறுநாள் எல்லாப் படுகைகளையும் ஒரு சுற்று. மழைக்காலம் முடிந்ததும் செடி கவாத்து. முதல் ஆண்டு மட்டும் வறண்ட நாட்களில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

தோட்டத்துக்கு இடமில்லாதவர்கள் வடிகால் வாய்களைத் தத்தெடுக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் தெருவோர வடிகாலைத் தத்தெடுப்பவர் அதற்கு விளையாட்டாக ஒரு பெயரும் வைக்கலாம். பெயர் வைத்த பொருளை யாரும் எளிதில் கைவிடுவதில்லை. மழைக்கு முன் மேலே கிடக்கும் இலை, குப்பையை வாரி எடுப்பது மட்டும்தான் தத்தெடுத்தவர் வேலை. மூடியைத் திறக்கக் கூடாது, உள்ளே இறங்கவே கூடாது. உள்ளே இருக்கும் நச்சுவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். வெள்ளம் நிற்கும்போது மூடியைத் தூக்கிவிட்டால் அந்தக் குழி பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

படி 8: வெட்டும் நாள்

முந்தைய நாளே எல்லையைச் சுண்ணாம்புத் தூளால் வரைந்து, வாட்டத்தை டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) வைத்துப் பார்த்துவிடுங்கள். நாற்பது பேர் வந்து நின்ற பிறகு அளக்கத் தொடங்கினால் இருபது பேர் போய்விடுவார்கள். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதென்றால் அது முடியட்டும். அங்கிருந்து வரும் நுண்மண் புதுப் படுகையை ஒரே மழையில் அடைத்துவிடும். வெட்டிய குழிக்குள் எல்லோரும் மிதித்து நடக்காதீர்கள், ஓரத்தில் நின்று வேலை செய்யுங்கள். மிதித்து இறுகிய மண்ணில் நீர் இறங்காது. நீர் விழும் இடத்தில் கல் பரப்புங்கள். நடவைக் குழந்தைகளிடம் விடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. முடித்ததும் குழாயிலிருந்து நீர் விட்டு, வழியும் வாய் சரியாக வேலை செய்கிறதா என்று எல்லோர் கண்முன்னும் பாருங்கள்.

படி 9: அளந்து எழுதுங்கள், அடைத்தால் சரிசெய்யுங்கள்

ஒரு மழைமானி, ஒரு நோட்டு, ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள். எத்தனை மி.மீ. மழை, மழை நின்று எவ்வளவு நேரத்தில் படுகை வற்றியது, பள்ளத்தெரு முக்கில் நீர் எந்த உயரம் வந்தது என்று மூன்றே பத்தி. முன்பு 30 மி.மீ. மழைக்கு முழங்கால் வரை நின்ற முக்கில் இப்போது கணுக்கால் வரைதான் என்று நோட்டு காட்டினால், இதுவரை சேராத மேட்டுத்தெரு வீட்டுக்கு அந்த நோட்டையே எடுத்துப் போகலாம். மாற்றமில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் காரணம், நீர் படுகைக்குள் வராமல் ஓரமாக நழுவிப் போவதுதான். நுழைவாயிலை இரண்டு அங்குலம் தாழ்த்தினால் சரியாகும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒருநாள் யாராவது வந்து "முன்பு ஒரே இரவில் வற்றும், இப்போது இரண்டு நாளாகிறது" என்பார். படுகையையே தோண்டி எடுக்க வேண்டாம். மேலே மெல்லிய வண்டல் ஏடு படிந்திருக்கும், பெரும்பாலும் நுழைவாயிலுக்குப் பக்கத்தில். ஓரிரு அங்குலம் சுரண்டி எடுத்து, அடிமண்ணைத் தோட்ட முள்கரண்டியால் கிளறி, மண்ணை மூடும் புதுச் சருகு மூடாக்குப் பரப்புங்கள். நான்கு பேருக்கு அரை நாள் வேலை. சுரண்டிய வண்டலைச் செடிக்கு உரமாகப் போடாதீர்கள். சாலை அழுக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.